ஒரே மெஷினில் இரண்டு தபால்காரர்கள்

மெயில் மெஷினைப் பார்த்துக்கொள்கிற தொழிலில் ஒரு நியாயம் உண்டு: கடுதாசி போய்ச் சேர்ந்தால் அனுப்பினவர் கெட்டிக்காரர், சேராவிட்டால் நாம் முட்டாள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எண்பதுகளில் சுந்தரபாண்டியம், பிளவக்கல் பக்கமெல்லாம் சைக்கிளில் போய்க் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். அங்கே, இங்கே டைப் அடித்தால் வெளிநாட்டில் அச்சாகிற டெலக்ஸ் மெஷின் வந்தது. ரிப்பேர் பார்க்கப் போனவன் அதை ஓட்டுகிறவனாகவே ஆனேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் டெலக்ஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வைத்தார்கள். நாற்காலியும் மாறவில்லை, உட்கார்ந்த ஆளும் மாறவில்லை.

மெயில் புரோகிராம் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற தபால்காரர். ஆபீஸில் டைப் அடிக்கிற கடுதாசியை வாங்கி வைத்துக்கொள்வார். மதுரைக்கு லைன் கிடைத்ததும் வெளியே அனுப்புவார். வெளியிலிருந்து வருவதைப் பிரித்து அவரவர் பெட்டியில் போடுவார். ஒரு மெஷினுக்கு இப்படி ஒரு தபால்காரர் போதும். நான் இரண்டு பேரை வைத்து வேலை வாங்கினவன். எனக்குத் தெரிந்து எங்கள் வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

பொதுவில் விட்ட அறை

கம்பெனி இரண்டு பங்காளிகளுடையது. அண்ணன் தம்பி மக்கள். மூத்தவர் ஜெகநாதன், இளையவர் ரெங்கசாமி. ஒருநாள் பாகம் பிரித்தார்கள். வடக்குக் கட்டடம் ஜெகநாதனுக்கு, தெற்குக் கட்டடம் ரெங்கசாமிக்கு. தறி, தையல் மெஷின், லாரி எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது. நடுவில் இருந்த டெலிபோன் அறையை மட்டும் பிரிக்க முடியவில்லை. டெலிபோன் லைன் செத்துப்போன பெரியவர் பெயரில் இருந்தது. கம்ப்யூட்டர் கூட்டுப் பணத்தில் வாங்கினது. எங்கள் பக்கத்தில் கிணற்றையும் வண்டிப் பாதையையும் பொதுவில் விடுவார்கள் இல்லையா, அதே மாதிரி இந்த அறையைப் பொதுவில் விட்டார்கள். டைப் அடிக்க இரண்டு ஆபீஸிலும் சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது; இந்த மெயில் மெஷின் மாதிரி ஆளுக்கொன்று வாங்கவும் இரண்டு பேருக்கும் வசதி இருந்தது. ஆனால் யார் முதலில் தனியாக வாங்குகிறாரோ அவர் பொதுவை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். அதனால் இருவரும் வாங்கவில்லை.

ஜெகநாதன் முதலாளியின் மெயில் ஏற்கெனவே சென்ட்மெயில் என்ற புரோகிராமில் ஓடிக்கொண்டிருந்தது. தன் கடுதாசி அவர் புரோகிராமுக்குள் ஒரு நிமிஷம்கூடக் கிடக்கக்கூடாது என்று ரெங்கசாமி முதலாளி மதுரையிலிருந்து தினகரன் என்கிற இன்ஜினீயரை வரவழைத்து, அதே மெஷினில் கியூமெயில் என்கிற வேறு புரோகிராமை ஏற்றினார். இரண்டு ஆபீசுக்கும் பொதுவாக நான் ஒருவன் போதும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. நிபந்தனையையும் இருவரும் தனித்தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். ஒரே நிபந்தனைதான். மூத்தவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“செல்லையா, என் கடுதாசி அவன் கண்ணுல பட்டுச்சுன்னா, அன்னைக்கே நீ ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிச்சிரணும்.”

எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மோட்டார்க் காயில் கட்டக் கண் பழைய மாதிரி ஒத்துழைக்கவில்லை. அந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு நாற்காலி கிடையாது.

இருபத்தைந்தாம் வாசல்

அன்பர்களுக்குத் தெரியும். எந்த மெயில் புரோகிராமாக இருந்தாலும் மெஷினின் இருபத்தைந்தாம் நம்பர் வாசலில்தான் நின்று கடுதாசி வாங்கும். ஒரு வாசலில் ஒரு ஆள்தான் நிற்க முடியும். கரண்ட் போய் வந்தால் எது முதலில் எழுந்திருக்கிறதோ அது வாசலைப் பிடித்துக்கொள்ளும். மற்றது, வாசலில் ஆள் இருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துவிடும். எங்கள் ஊரில் கரண்ட் போவதற்கு ஒரு கணக்கா? ஒருநாள் வடக்கு ஆபீஸ் கடுதாசி போகும், தெற்கு நிற்கும். மறுநாள் தெற்கு போகும், வடக்கு நிற்கும். நான் வேண்டுமென்றே ஒருத்தரை முதலில் எழுப்புகிறேன் என்று இரண்டு பக்கமும் பேச்சு.

தினகரனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பையன், “வேற யாராவது படிச்சவங்க பக்கத்துல இருந்தா போனைக் குடுங்க” என்றான். இதை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை. படித்தவர்கள் எல்லோரும் பாகப்பிரிவினையில் மும்முரமாக இருக்கிறார்கள், நீ நேரில் வா என்றேன். வந்தான். ஒரு கிணற்றில் இரண்டு பங்காளி மோட்டார் வைத்தால் ஆளுக்கொரு குழாய் இறக்குவோம், அதுபோல வழி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றான். ஒரே மெஷினுக்கு இரண்டு விலாசம் கொடுத்தான். சென்ட்மெயில் முதல் விலாசத்தின் இருபத்தைந்தாம் வாசலில் மட்டும் நிற்கும். கியூமெயில் இரண்டாம் விலாசத்தின் இருபத்தைந்தாம் வாசலில் மட்டும் நிற்கும். எது முதலில் எழுந்தாலும் இனிச் சண்டை இல்லை.

கரண்ட்டை நானே அணைத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டும் எழுந்து நின்றன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரெங்கசாமி முதலாளி எட்டிப் பார்த்து, தன்னுடைய விலாச நம்பர் மூத்தவருடையதைவிட ஒன்று கூடுதல் என்பதைக் கண்டுபிடித்தார்.

“செல்லையாண்ணே, நமக்கு ஒண்ணு கூட இருக்குல்ல? அது போதும்ணே, வேலை நல்லாச் செஞ்சிருக்கீக.”

பஞ்சாங்கம் இரண்டு, பூஜை இரண்டு

அந்த வருஷம் ஆயுதபூஜை வந்தது. ஜெகநாதன் முதலாளி வாக்கியப் பஞ்சாங்கம். ரெங்கசாமி முதலாளி பாகம் பிரிந்த கையோடு திருக்கணிதத்துக்கு மாறிவிட்டார். அந்தத் தடவை இரண்டு பஞ்சாங்கத்திலும் பூஜை வெவ்வேறு நாளில் விழுந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை எடுக்கிற வரை தொடக்கூடாது. மெஷின் ஒன்றுதான். அதை எந்த நாளில் அணைப்பது?

வடக்கு ஆபீஸ் கணக்கப்பிள்ளை சங்கரலிங்கம் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். தெற்கு ஆபீஸ் டைப்பிஸ்ட் பிலோமினா, அமெரிக்காவுக்கு அவசரக் கடுதாசி இருக்கிறது, இன்றைக்கு அணைக்கக்கூடாது என்று நின்றாள். மெஷினை அணைக்க வேண்டாம், புரோகிராமுக்குத்தான் பூஜை என்று நான் சொல்லிவிட்டேன். முதல் நாள் சென்ட்மெயிலை மட்டும் நிறுத்தினேன். கம்ப்யூட்டர் பெட்டியின் இடது பாதிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னேன். வலது பாதியில் கியூமெயில் பாட்டுக்கு ஓடியது. மறுநாள் காலை வடக்குக்காரர்கள் சூடம் காட்டி சென்ட்மெயிலை எழுப்பினார்கள். உடனே கியூமெயிலை நிறுத்தி வலது பாதிக்குப் பொட்டு. சங்கரலிங்கம் சந்தனத்தைக் காற்றுத் துவாரத்தில் அப்பப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன். அந்தக் கையை எதற்குத் தட்டினேன் என்று அவருக்கும் தெரியும். டெலக்ஸ் போய்க் கம்ப்யூட்டர் வந்த நாளில் எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். என்னைப் பார்த்து, “மின்விசிறி சுத்தலை, போய்ப் பாரும்வே” என்று அனுப்பிவைத்தவர் அவர்தான். திரும்பி வந்தபோது போட்டோக்காரர் பெட்டியை மூடிவிட்டார்.

ஒரு மெஷின், இரண்டு பூஜை, பூஜை இல்லாத பக்கத்தில் ஒரு கடுதாசிகூட நிற்கவில்லை. பிலோமினா கத்தோலிக்கப் பெண். இரண்டு நாளும் பொரிகடலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவள் சொன்னது:

“அண்ணாச்சி, உலகத்தையே படைச்ச எங்க ஆண்டவரு ஒரு நாள்தான் ஓய்வு எடுத்தாரு. உங்க பெட்டி ரெண்டு நாள் எடுக்கு.”

பால்கோவா வந்த வழி

சாவி வைத்திருக்கிறவன் எல்லா அறையையும் திறக்கலாம். மெஷினுக்கும் அப்படி ஒரு பெரிய சாவி உண்டு. அதன் ரகசிய வார்த்தை எனக்கு மட்டும்தான் தெரியும்; தினகரன் வந்தாலும் நான்தான் அடித்துக் கொடுப்பேன். நான் நினைத்தால் யாருடைய கடுதாசியையும் திறக்கலாம். அன்பர்களே, உங்களிலும் பலர் கையில் இந்தச் சாவி இருக்கும். அது எம்புட்டுக் கனம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் சங்கரலிங்கம் ஒரு பொட்டலத்தோடு வந்தார். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தவர் இல்லை. பிரித்தால் பால்கோவா.

“எங்கவே வாங்கினீரு?” என்றேன்.

“இங்கதான், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல.”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவனுக்கு ராஜபாளையத்துப் பால்கோவா. அதிலேயே எனக்குப் பாதி கோபம் வந்துவிட்டது. மீதிப் பாதி அவர் பேசினதில் வந்தது. தெற்குக்காரர் ஜெர்மனிக்காரனுக்கு காஸ் பேண்டேஜ் துணிக்கு என்ன விலை எழுதியிருக்கிறார் என்று சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் போதுமாம். முதலாளிக்குத் தெரிய வேண்டியதில்லையாம்.

“கடுதாசி கட்டு கட்டாக் கிடக்குவே. எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, எதைன்னு படிக்க?” என்றேன்.

“அதான் நான் வந்திருக்கேம்லா. நீரு திறந்தாப் போதும், நான் படிச்சுக்கிடுதேன்.”

பொட்டலத்தை மடித்துப் பழையபடி நூலைச் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். திறக்கிற வேலைக்கு நான் சம்பளம் வாங்கவில்லை, மூடி வைக்கிற வேலைக்குத்தான் வாங்குகிறேன் என்றேன். போகிறபோது வாசல்படியில் நின்று அவர் சொன்னார்:

“எட்டாங்கிளாசு படிச்சவனுக்கு எம்புட்டுத் திமிரு பாரு. உம்ம சீட்டு கிழிய எனக்கு ஒரு நாள் போதும்வே.”

சுவரைத் தாண்டின கடுதாசி

பாகம் பிரிந்த பிறகு இரண்டு பங்காளியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் குலதெய்வத்தைப் பிரிக்க முடியாது. மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பக்கம் இருக்கிறது கோவில். மாசியில் கும்பிடு. தேதியை மூத்தவர்தான் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல மாட்டார், ஆள்விட்டும் சொல்ல மாட்டார். ஈமெயிலில் சொன்னார்.

வடக்கு ஆபீஸிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய கடுதாசி அது. ஆனால் சென்ட்மெயிலுக்குத் தெற்கு ஆபீஸ் என்பது வேற்று ஊர். தன் பெட்டியில் இல்லாத விலாசம் எல்லாவற்றையும் மதுரைக்கு அனுப்பிவிடும். அதன்படி அனுப்பியது. மதுரையிலிருந்து அது எந்த ஊரெல்லாம் சுற்றியதோ தெரியாது. திரும்பவும் மதுரைக்கு வந்து, மறுபடி எங்கள் டெலிபோன் லைனிலேயே இறங்கி, கியூமெயில் கைக்கு வந்து, ரெங்கசாமி முதலாளியின் பெட்டியில் விழுந்தது. ஒரே பெட்டிக்குள் இருக்கிற இரண்டு தபால்காரர்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. எனக்கு அதில் பெருமைதான். சுவர் வைத்தால் அப்படி வைக்க வேண்டும்.

ஆனாலும் எஸ்.டி.டி. கட்டணம் வீண்தானே என்று, மெஷினுக்குள்ளேயே நேராகக் கைமாற்றிவிட ஒரு வழி இருக்கிறது, செய்யட்டுமா என்று மூத்தவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்:

“வேண்டாம் செல்லையா. சுத்திட்டே போகட்டும். நேராப் போச்சுன்னா, நான் இறங்கி வந்துட்டேன்னு நினைப்பான்.”

பேர் மாறிப் போன நாள்

இனிச் சொல்லப்போவது, நான் அந்த நாற்காலியை இழந்த கதை.

வடக்கு ஆபீஸுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். சாயங்காலம் லாரியில் எத்தனை பண்டல் ஏறியது, எந்தக் கப்பல் என்று வெளிநாட்டுக்காரருக்கு ஒரு கடுதாசி போகும். அதை யாரும் டைப் அடிக்க வேண்டாம். மெஷினே எழுதி சென்ட்மெயில் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடும். தினகரன் ஒருமுறை வந்து தெற்கு ஆபீஸுக்காகக் கியூமெயிலைப் புதுசாக ஏற்றிவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து மத்தியானம் பிலோமினா ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணாச்சி, ஜெர்மனிக்காரன் தபால் ஒண்ணு எங்க பெட்டியில கிடக்கு. மேல ஜெகநாதன் முதலாளி பேரு போட்டிருக்கு. நான் முதல் வரியோட நிறுத்திட்டேன், மாதா சத்தியமா.”

போய்ப் பார்த்தேன். திரையை அணைத்து வைத்திருந்தாள். நல்ல பெண். வடக்கு அனுப்பின கடுதாசி தெற்கு விலாசம் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. அதைப் பார்த்து ஜெர்மனிக்காரன் தெற்குக்கே பதில் போட்டிருக்கிறான். எப்படிப் போனது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

“அழிச்சிருவோமா? யாருக்கும் தெரியாதுல்லா” என்றாள் பிலோமினா. என் நாற்காலியைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதற்குள் ரெங்கசாமி முதலாளியே பின்னால் வந்து நின்றார்.

“என்ன தபாலுண்ணே? என் பெட்டியில என்ன எழுதியிருக்கு?”

“உங்க பெட்டியில கிடக்கு முதலாளி, உங்க தபால் இல்லை.”

“யாருது?”

“யாருதோ அவுகளுக்குக் குடுத்துருதேன்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு விரல் தட்டினால் போதும், வடக்கு வியாபாரம் அவர் கண் முன்னால் விரிந்திருக்கும். நான் கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். முதலாளியை மறித்து நின்றது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

கடுதாசியை ஜெகநாதன் முதலாளியின் பெட்டிக்கு மாற்றினேன். யாரும் சொல்வதற்கு முன்னால் நானே போய் நடந்ததைச் சொன்னேன். சங்கரலிங்கம் பேனாவை மூடி வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்து கேட்டார். முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“கடைசி பஸ்ஸு வரைக்கும் காத்திருக்க வேண்டாம் செல்லையா, இப்பவே ஒரு பஸ்ஸு இருக்கும்.”

இன்ஜினீயர் கண்டுபிடித்தது

சீட்டுக் கிழிந்தவன் உடனே போயிருக்கலாம். போகவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமல் போனால், கடுதாசியைத் திறந்து காட்டிவிட்டான் என்று ஊரில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தினகரனைக் கூப்பிட்டேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மெஷின் தானாக எழுதுகிற கடுதாசிகள் மட்டும்தான் பேர் மாறிப் போயிருக்கின்றன, வடக்கு ஆபீஸில் டைப் அடித்தவை ஒழுங்காகத்தான் போயிருக்கின்றன என்று நான் பார்த்து வைத்ததைச் சொன்னேன். அவன் மெஷினில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தேடினான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். கியூமெயிலை ஏற்றுகிறவர்கள் சென்ட்மெயில் என்ற பேரிலேயே ஒரு சின்ன ஆளையும் பழைய ஆள் இருந்த இடத்தில் நிறுத்துவது வழக்கமாம். பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களுக்கு வேலை நிற்கக்கூடாது என்பதற்காக. ஒரு மெஷினில் ஒரு புரோகிராம் ஓடினால் அது நல்ல ஏற்பாடு. எங்கள் மெஷினில் அது என்ன ஆனது? வடக்குக் கடுதாசி சென்ட்மெயிலே வா என்று கூப்பிட்டது. வந்து நின்றது கியூமெயிலின் ஆள். அவன் வாங்கித் தெற்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டான். நிஜ சென்ட்மெயில் வேறு பேரில், தன் வாசலுக்கு வருகிற டைப் அடித்த கடுதாசியை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தது.

அதை நிஜ இடத்திலிருந்தே கூப்பிடும்படி தினகரன் மாற்றிக் கொடுத்தான். சோதனைக் கடுதாசி விட்டோம். வடக்கு வடக்காகப் போனது. அந்தப் போன் பேச்சுக்கான வருத்தம் என்னிடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஜெகநாதன் முதலாளியிடம் போய், தப்பு தன்னுடையது என்று அவனே சொன்னான். திரும்பி வந்து என்னிடம் சொன்னான்:

“எடுபடலை அண்ணாச்சி. யார் தப்புங்கிறது கேள்வி இல்லையாம், யார் கண்ணுல பட்டுச்சுங்கிறதுதான் கேள்வியாம்.”

யார் சொன்னால் போவது

மறுநாள் காலை நான் டிபன் வாளி இல்லாமல் வந்தேன். ரகசிய வார்த்தையை முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று. வடக்கு ஆபீஸில் முதலாளியின் மேஜை முன்னால் நிற்கிறேன். வாசல் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். ரெங்கசாமி முதலாளி உள்ளே வந்துகொண்டிருந்தார். பாகம் பிரிந்த பிறகு அவர் அந்த வாசற்படியை மிதித்தது அன்றைக்குத்தான். சங்கரலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்தவர் உட்காரவில்லை.

“செல்லையாண்ணனை நிறுத்திட்டியாம்ல?”

ஜெகநாதன் முதலாளி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என் தபாலு உன் பக்கம் வந்துச்சு. நிறுத்தாம கொஞ்சச் சொல்லுதியா?”

“வந்துச்சு. நான் படிச்சேனான்னு கேளு.”

“படிக்காம விட்டிருப்பியா?”

“படிக்கத்தான் போனேன். இந்த மனுசன் விடலை. குறுக்க வந்து நின்னுட்டாரு. என் ஆபீசுல, என் கம்ப்யூட்டருக்கு முன்னால, என்னையவே.”

அப்போதுதான் மூத்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னபோது நான் அந்த ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. ஒரு முதலாளியை மறித்ததை இன்னொரு முதலாளியிடம் போய்ப் பெருமையடிக்கிறவன் நான் இல்லை.

“அதுக்கு இப்ப என்னங்கிறே?” என்றார் மூத்தவர், குரல் கொஞ்சம் இறங்கி.

“ஒண்ணுமில்லை. அறை பொது, லைனு பொது, மெஷின் பொது. அதுல உக்காந்திருக்கிற ஆளும் பொது. பொதுவுல இருக்கிறதை நீ ஒருத்தனா எடுக்க முடியாது. நானும் சேர்ந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“நாளைக்கு நீ இவனை நிறுத்தணும்பே, அப்ப?”

“அப்ப நீ மாட்டேன்னு சொல்லு.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் அந்தப் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றைப் பற்றிப் பேசும்போது கிணற்றிடம் யார் கேட்கிறார்கள்? ஆனால் இரண்டு வருஷமாகப் பேசாத இரண்டு பேர் பேசினது என்னைப் பற்றித்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. சங்கரலிங்கம் இழுத்துப் போட்ட நாற்காலி காலியாகவே கிடந்தது. நான் அதில் உட்கார்ந்தேன். சங்கரலிங்கத்தின் கண் முன்னால் உட்கார்ந்தேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜெகநாதன் முதலாளி வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார்.

“போ, போயி மெஷினைப் பாரு. ஆனா ஒண்ணு செல்லையா, உன்னை நான் மன்னிக்கலை. அவன் விடமாட்டேங்கான், அம்புட்டுத்தான்.”

நானும் அவரை மன்னிக்கவில்லை. ஒரே மெஷினில் இரண்டு மெயில் புரோகிராம் ஓட்டுவது கஷ்டம் என்று புலம்புகிற அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது, உங்கள் முதலாளிகள் ஒருநாளும் ஒத்துப்போகக் கூடாது என்று உங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான்.